சந்தன எண்ணெய்: ஒரு மரமும் ஒரு முற்றுரிமையும்

சந்தன மரத்தின் வெளிப்பகுதியில் வாசனை இல்லை. வெள்ளையாக இருக்கும் வெளிறைச் சீவி எறிந்தபின் உள்ளே தெரியும் மஞ்சளும் பழுப்பும் கலந்த வைரத்தில்தான் எண்ணெய் இருக்கிறது. அந்த வைரம் பாயத் தொடங்கவே பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். நல்ல எண்ணெய் தரும் மரம் என்றால் முப்பது ஆண்டுகளாவது நின்றிருக்க வேண்டும். முதிர்ந்த மரத்தின் வைரத்தில் எடைக்கு 3 முதல் 6 சதவீதம் எண்ணெய் கிடைக்கும். வேரில் அதைவிடக் கூடுதல். அதனால்தான் சந்தனத்தை மற்ற மரங்களைப் போல அடியில் அறுப்பதில்லை. வேரோடு தோண்டி எடுப்பதே வழக்கம்.

வளரும் விதத்திலும் இது தனி. சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. இலையில் தன் உணவைத் தானே தயாரித்துக்கொண்டாலும், அருகிலுள்ள செடிகளின் வேரில் தன் வேரைப் பொருத்தி நீரையும் உப்புகளையும் உறிஞ்சும். துவரையோ அகத்தியோ சவுக்கோ துணைக்கு இல்லாத இடத்தில் கன்று தேறாது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் கொண்டுபோய்ப் போட, காட்டோரத்திலும் வயல் வேலியிலும் தானாக முளைத்து வளர்ந்ததே தென்னிந்தியச் சந்தனத்தில் பெரும்பகுதி. யாரும் நடாமல் உழவரின் வேலியில் முளைத்த இந்த மரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைச் சுற்றியே சந்தன எண்ணெயின் இருநூறு ஆண்டு வரலாறு நடந்திருக்கிறது.

பழைய நாளில் தென்னாட்டு வீடுகளிலும் கோயில்களிலும் புழங்கியது எண்ணெய் அல்ல, அரைத்த சந்தனம். கட்டையைக் கல்லில் நீர் விட்டு இழைத்து, வரும் குழம்பை மார்பிலும் கையிலும் பூசுவது கோடைக்குக் குளிர்ச்சி, வேர்க்குருவுக்கு மருந்து, விருந்தினருக்கு மரியாதை. சங்க இலக்கியம் ஆரம் என்றும் சாந்தம் என்றும் இதைப் பலமுறை பேசுகிறது. பொதியமலைச் சந்தனமும் கொற்கை முத்தும் பாண்டிய நாட்டின் இரு பெருமைகள். கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் இன்றும் சந்தனக் கிண்ணம் நிற்கிறது. உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருந்து, மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் காப்பு களைந்து காட்சி தருகிறார். நாகூரிலும் ஏர்வாடியிலும் சந்தனக்கூடு ஊருக்கே திருவிழா.

தலைக்கும் உடலுக்கும் தேய்க்கும் எண்ணெயில் சந்தனம் சேர்ந்தது வேறு வழியில். நல்லெண்ணெயில் சந்தனத்தூளையும் வேறு மூலிகைகளையும் நீரும் பாலும் சேர்த்துக் காய்ச்சி இறக்கும் தைலம் அது. சந்தனாதித் தைலம் என்ற பெயரில் சித்த, ஆயுர்வேத மருந்துக் கடைகளில் இன்றும் கிடைப்பது அதன் வழிவந்ததே. இதில் பெரும்பகுதி எள்ளின் எண்ணெய். சந்தனத்தின் சாரம் அதில் கொஞ்சமாக இறங்கியிருக்கும். கட்டையிலிருந்து ஆவியாக்கி வடித்தெடுக்கும் தூய எண்ணெய் வேறு சரக்கு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து விற்கும் கடைக்காரர்கள் இன்றும் உண்டு.

தூய எண்ணெய்க்கு வட இந்தியாவில் பெரிய பயன் கண்டவர்கள் கன்னோசி நகரத்து அத்தர்க்காரர்கள். ரோஜா, மல்லிகை, தாழம்பூ போன்ற பூக்களைச் செம்புக் கொப்பரையில் நீரோடு போட்டு மூடி, மண்ணால் பூசி, அடியில் எரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்ந்திருக்கும் இன்னொரு செம்புக் குடத்துக்குப் போகும். அந்தக் குடத்தில் முன்கூட்டியே ஊற்றி வைத்திருப்பது சந்தன எண்ணெய். பூவின் வாசனை நில்லாத வாசனை, சந்தனத்தின் வாசனை நிற்கும் வாசனை. பூவின் ஆவியைச் சந்தன எண்ணெய் வாங்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்கான காரணம் பிற்காலத்தில்தான் தெரிந்தது. சந்தன எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு சாண்டலால் என்ற இரட்டைப் பொருள்கள். அவற்றின் கொதிநிலை 300 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதால் தோலிலிருந்து அவை மெதுவாகவே ஆவியாகும். இன்று சந்தன எண்ணெயின் விலை தாங்காமல் பல அத்தர்களுக்கு அடியில் திரவ பாரஃபின் நிற்கிறது. அந்த அத்தரைப் பழைய அத்தரோடு ஒப்பிடவே முடியாது.

கட்டையாகச் சந்தனம் கடல் கடந்தது மிகப் பழங்காலத்தில். கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய காஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர், கிழக்கிலிருந்து வரும் பட்டு, கிராம்பு, அகில் ஆகியவற்றோடு சந்தனமும் இலங்கைத் துறைமுகங்கள் வழியே மேற்கே போவதைக் குறித்திருக்கிறார். திமோர்த் தீவின் சந்தனத்தைத் தேடிச் சீனரும், 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியரும் அங்கே போனார்கள். எல்லாக் கப்பல்களும் கடைசியில் போய் நின்ற இடம் சீனா. அங்கே ஊதுவத்திக்கும் செதுக்கு வேலைக்கும் சந்தனம் எவ்வளவு வந்தாலும் விலைபோனது. கிழக்கிந்தியக் கம்பெனி மலபார்க் கரையில் சந்தனம் வாங்கிக் கான்டன் துறைமுகத்துக்கு அனுப்பியதும் இந்தக் கணக்கில்தான்.

இந்த வியாபாரத்தின் மதிப்பை உணர்ந்தவர் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான். 1792-இல் சந்தனத்தை அரச மரம் என்று அவர் அறிவித்தார். தன் நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசுக்கே. வெட்டவும் விற்கவும் அரசுக்கு மட்டுமே உரிமை. அந்த ஆண்டு மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம் கட்டவும், ராஜ்யத்தில் பாதியை விடவும் திப்பு ஒப்புக்கொண்ட ஆண்டு. இன்றைய கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகால் அப்போது கம்பெனியின் கைக்குப் போனது. பணம் வரும் வழிகளையெல்லாம் ஓர் அரசர் கட்டிப்பிடிக்க வேண்டிய காலம் அது.

1799-இல் திப்பு மறைந்தார், உடையார் வம்சம் திரும்பியது. ஆனால் சந்தன முற்றுரிமை மாறவில்லை. பின்வந்த காட்டுச் சட்டங்கள் அதை இன்னும் இறுக்கின. தன் வயலில் நிற்கும் மரத்தைக் காக்கும் பொறுப்பு உழவருக்கு. மரம் காணாமல் போனால் விசாரணையும் அவருக்கே. வளர்த்தவருக்குச் சிறு ஊக்கத்தொகை தரும் ஏற்பாடுகள் பிற்பாடு வந்தன. ஆனாலும் வேலியில் சந்தனக் கன்று தலைகாட்டினால் யாருக்கும் தெரியாமல் பிடுங்கி எறிவதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் மைசூர் நாட்டுக் கிராமங்களில் ஊறிவிட்டது. பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுகளிலும் இதே காலத்தில் இதே போல நடந்தது. முதலாம் கமேஹமேஹா அரசர் சந்தன வியாபாரத்தைத் தன் கையில் வைத்திருந்தார். அவர் 1819-இல் இறந்தபின் குறுநிலத் தலைவர்கள் போட்டியிட்டு வெட்ட, 1830 வாக்கில் விற்க அங்கே மரமில்லை. அந்த முடிவு மைசூருக்கு அவ்வளவு சீக்கிரம் வராமல் காத்தது, உள்ளபடியே, அதன் கறாரான வனத்துறை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவில் சந்தன எண்ணெய்க்குக் கிராக்கி ஏறியது. இன்று சந்தன எண்ணெயை மன அமைதிக்கும் முகப் பொலிவுக்கும் வாங்குபவர்கள் அந்தக் கிராக்கியின் காரணத்தைக் கேட்டால் வியப்பார்கள். மேகவெட்டை எனப்படும் பால்வினை நோய்க்கு அது மருந்தாகக் கொடுக்கப்பட்டது. சந்தன எண்ணெய் அடைத்த கேப்சூல்கள் பிரான்சிலிருந்து 'சாந்தால் மிடி' போன்ற பெயர்களில் உலகெங்கும் விற்றன. 1930-களில் சல்ஃபா மருந்துகளும், அடுத்து பென்சிலினும் வரும்வரை மருந்துக்கடைகளில் அதற்கு இடம் இருந்தது. வாசனைத் திரவியத் தொழிலும் பெருகிக்கொண்டிருந்தது. மைசூரில் ஏலம் எடுத்த கட்டை பெரும்பாலும் ஜெர்மனிக்குப் போனது. லைப்சிக் நகருக்கு அருகில் ஷிம்மல் கம்பெனி அதை நீராவியில் வடித்து உலகத்துக்கு விற்றது. மரம் மைசூருடையது, லாபத்தில் பெரும் பங்கு ஜெர்மனியுடையது.

ஏலத்தில் கட்டைகளைத் தரம் பிரித்த பெயர்களிலேயே அவை போகும் இடம் தெரியும். விலாயத் புத், சைனா புத் என்பவை முதல் இரண்டு தரங்கள். பஞ்சம் அதற்கடுத்தது. வேர், துண்டு, சீவல், தூள் என்று கடைசித் தரம் வரை எதுவும் வீணாவதில்லை.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மன் கப்பல்கள் நின்றன. மைசூர்க் கிடங்குகளில் கட்டை தேங்கியது. அரசின் ஆண்டு வருமானத்தில் நல்ல பங்கு தந்த சரக்கு அது. அப்போது மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார், திவான் விசுவேசுவரய்யா. தொழில் துறை இயக்குநராக இருந்தவர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன். சென்னைக்கு இந்தப் பெயர் புதிதல்ல. பொறியியல் பேராசிரியராகச் சென்னைக்கு வந்த அவர், அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் தோல் பதனிடுவதையும் அரசுச் செலவில் இங்கே தொடங்கி வைத்தவர். அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். இந்தியாவுக்கான அமைச்சர் மோர்லி 1910-இல் அதற்குத் தடைபோட்டார். 1912-இல் சாட்டர்டன் மைசூருக்குப் போனார். லண்டனின் தடை ஒரு சமஸ்தானத்தின் தொழில் துறையைக் கட்டுப்படுத்தவில்லை. சென்னை இழந்த மனிதரால் மைசூருக்கு ஒரு தொழில் கிடைத்தது.

கட்டையை விற்க வழியில்லை என்றால் எண்ணெயை இங்கேயே வடித்துவிடலாம் என்பது எளிய யோசனை. செய்வதுதான் கடினம். சந்தனத்தின் எண்ணெய் வைரத்துக்குள் நுண்ணிய அறைகளில் அடைபட்டுக் கிடக்கும். முதலில் கட்டையைத் துண்டாக்கி, சீவலாக்கி, மாவு போல இடிக்க வேண்டும். பிறகு பெரிய கலத்தில் நிரப்பி அடியிலிருந்து நீராவியைச் செலுத்த வேண்டும். யூகலிப்டஸ் இலை சில மணி நேரத்தில் எண்ணெயை விட்டுவிடும். சந்தனம் இரண்டு, மூன்று நாட்கள் இழுக்கும். முதலில் வருவதும் கடைசியில் வருவதும் ஒரே குணத்தில் இருப்பதில்லை. பாதியில் நிறுத்தினால் சாண்டலால் குறையும். சூடு மிஞ்சினால் கருகல் வாடை ஏறும். வெளிவரும் நீரில் கரைந்து போகும் எண்ணெயையும் திரும்பப் பிடிக்க வேண்டும்.

இந்தச் சோதனைகள் பெங்களூரில் அப்போதுதான் வேரூன்றியிருந்த இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தன. வேதியியல் பேராசிரியர்கள் சட்பரோ, வாட்சன் இருவரும் ஐரோப்பியத் தரத்துக்கு எண்ணெய் எடுத்துக் காட்டினார்கள். 1916-இல் பெங்களூரில் அரசுத் தொழிற்சாலை எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே மைசூர் நகரில் பெரிய ஆலை வந்தது. போர் முடிந்து ஜெர்மானியர் திரும்பி வந்தபோது வாங்கக் கட்டை கிடைக்கவில்லை, வாங்க எண்ணெய் இருந்தது. 1944-இல் சிவமொக்காவில் இன்னோர் ஆலை சேர்ந்தது. முற்றுரிமை இங்கே நன்மையே செய்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டை முழுவதும் ஒரே கையில் இருந்ததால்தான் ஒரு சமஸ்தானம் உலகச் சந்தையின் விதியை மாற்ற முடிந்தது. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய தூளும் ஊதுவத்திக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

எண்ணெய் உள்நாட்டு மக்களின் தோலைத் தொட்டது சோப்பாக. சந்தன எண்ணெய் இங்கே வடிகிறது, சோப்பு மட்டும் ஏன் சீமையிலிருந்து வர வேண்டும் என்ற கேள்வி அந்தச் சில ஆண்டுகளிலேயே எழுந்தது. எஸ்.ஜி. சாஸ்திரி என்ற வேதியியலாளர் சோப்புத் தொழில் கற்க இங்கிலாந்து அனுப்பப்பட்டார். அவர் திரும்பியபின் பெங்களூரில் அரசு சோப்புத் தொழிற்சாலையில் மைசூர் சாண்டல் சோப் உருவானது. நகைப்பெட்டி போன்ற அட்டைப் பெட்டி, முட்டை வடிவக் கட்டி, யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபத்தின் முத்திரை எல்லாம் அந்தத் தொடக்க காலத்து ஏற்பாடுகள். தோலில் ஒரு நிமிடம் பட்டுக் கழுவிப்போகும் பொருளில் விலை உயர்ந்த எண்ணெயைச் சேர்ப்பது வீண் என்று ஒரு கணக்குப்பிள்ளை சொல்லியிருக்கலாம். சந்தனத்தின் ஒட்டி நிற்கும் குணம்தான் அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. குளித்த பிறகும் நிற்கும் வாசனைக்காகவே மக்கள் அதை வாங்கினார்கள். 1980-இல் சோப்பு ஆலையும் மைசூர், சிவமொக்கா எண்ணெய் ஆலைகளும் ஒரே அரசு நிறுவனமாயின. எண்ணெய்க்கும் சோப்புக்கும் பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆலைகள் வளர்ந்துகொண்டிருந்த வேளையில் காட்டில் மரம் செத்துக்கொண்டிருந்தது. குடகில் 1899-இல் முதலில் பதிவான ஸ்பைக் நோயில் இலைகள் சிறுத்து, கொம்புகளில் ஈட்டி முனை போல விறைத்து நிற்கும். பூவும் காயும் நின்றுபோகும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் மரம் பட்டுவிடும். குடகிலும் மைசூரிலும் லட்சக்கணக்கான மரங்கள் இப்படிப் போயின. காரணம் பூஞ்சையா, வைரசா, துணைச் செடியின் கோளாறா என்று அறிவியல் கழகத்தாரும் வனத்துறையினரும் பல பத்தாண்டுகள் தேடினார்கள். பைட்டோபிளாஸ்மா என்ற, செல்சுவர் இல்லாத நுண்ணுயிரி அது என்பது 1969-க்குப் பிறகே தெளிவானது. தத்துப்பூச்சிகள் அதை மரத்துக்கு மரம் பரப்புகின்றன. மருந்து இன்றுவரை இல்லை.

நோய் தின்றதைவிடத் திருட்டு தின்றது அதிகம். தமிழ்நாட்டில் சவ்வாது மலையும் சத்தியமங்கலம் காடும் சந்தனத்துக்குப் பேர்போனவை. திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் கிடங்குகளில் நடக்கும் ஏலத்துக்கு நாடெங்கிலுமிருந்து வியாபாரிகள் வருவார்கள். விலை ஏற ஏற, மரத்தைக் காட்டிக்கொடுக்க ஆளிருந்தது, காப்பாற்ற ஆளில்லை. மலைக் கிராமத்துக்காரருக்கு அந்த மரத்தால் சட்டப்படி ஒரு காசு வரவில்லை. வெட்டிச் சுமந்தால் கடத்தல்காரர் கூலி கொடுத்தார். சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் வளர்ந்தது இந்த நிலத்தில்தான். 2004 அக்டோபர் 18 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டபோது, அவர் திரிந்த காடுகளில் பெரிய சந்தனம் அரிதாகிவிட்டிருந்தது. 1998-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சந்தனத்தை அழியக்கூடிய நிலையிலுள்ள இனம் என்று பட்டியலிட்டிருந்தது. கேரளத்தின் மறையூரில் மட்டும், வேலியும் இரவுக் காவலும் போட்டு, இயற்கையான சந்தனக்காடு ஒன்று இன்னும் காக்கப்படுகிறது.

கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் சட்டத்தைத் திருத்தின. பட்டா நிலத்தில் நிற்கும் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்றாயிற்று. திப்புவின் ஆணைக்கு இருநூற்றுப் பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

மரம் குறைந்த அதே காலத்தில்தான் மேல்நாட்டில் எண்ணெய்க்குப் புதிய தேவை பிறந்தது. நறுமண எண்ணெய்களை மருத்துவமாகப் பயன்படுத்தும் முறைக்கு அரோமாதெரபி என்று பெயரிட்டு 1937-இல் நூல் எழுதியவர் பிரெஞ்சு வேதியியலாளர் காட்ஃபோசே. 1960-களில் மார்கரித் மோரி அதை மருத்துவத்திலிருந்து அழகுக்கலைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொருவரின் தோலுக்கும் ஏற்ற நறுமண எண்ணெய்களைச் சாதாரண எண்ணெயில் சில சொட்டு கலந்து நீவும் முறை அவருடையது. 1977-இல் ராபர்ட் டிஸரண்டின் ஆங்கில நூல் அதைப் பரவலாக்கியது. வறண்ட தோலுக்கும் படபடப்பைத் தணிக்கவும் சந்தனம் என்பது இவர்களுடைய மரபில் நிலைத்தது. நல்லெண்ணெயில் சந்தனம் காய்ச்சிய நம் வைத்தியர்களும் தூய சாரத்தை நேரே பூசச் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தில் இரு மரபுக்கும் கருத்து ஒன்று.

வாசனைத் திரவியத் தொழில் வேறு வழி பார்த்தது. 1989-இல் வந்த கெர்லெய்ன் நிறுவனத்தின் சம்சாரா, மைசூர்ச் சந்தனத்தைத் தாராளமாகச் சேர்த்த கடைசிப் பெரிய வாசனைகளில் ஒன்று. அதிலேயே செயற்கைச் சந்தனமும் இருந்தது. சாண்டலோர், ஜாவனால் போன்ற ஆய்வகப் பொருள்கள் விலையில் மலிவு, கிடைப்பதில் உறுதி. இவற்றில் சாண்டலோர் 2014-இல் எதிர்பாராத செய்தியானது. மூக்கில் இருப்பது போன்ற மணஉணரி ஒன்று மனிதத் தோல் செல்களிலும் இருப்பதையும், சாண்டலோர் அதைத் தூண்டினால் ஆய்வகத்தில் காயம் மூடுவது விரைவதையும் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2018-இல் வந்த ஆய்வு, உடலுக்கு வெளியே வளர்த்த மயிர்க்கால்களில் அதே பொருள் வளர்ச்சிப் பருவத்தை நீட்டித்ததைக் காட்டியது. சந்தன எண்ணெய் தடவினால் முடி வளரும் என்று இதை விளம்பரமாக்கியவர்கள் ஒன்றை மறைத்தார்கள். சோதித்தது செயற்கைப் பொருளை, மரத்தின் எண்ணெயை அல்ல.

1990-களின் இறுதியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கன்னனர்ரா பகுதியில் ஆற்றுப் பாசனத்தில் இந்தியச் சந்தனம் தோட்டப்பயிராக நடப்பட்டது. அங்கே பதினைந்து ஆண்டு மரங்களிலிருந்து எண்ணெய் எடுத்து உலகச் சந்தையில் விற்கிறார்கள். இந்தியாவிலோ, 1960-களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 டன் கிடைத்த வைரக்கட்டை இந்த நூற்றாண்டில் சில நூறு டன்னாகச் சுருங்கியது. மைசூர் ஆலை இப்போது உழவர்களைச் சந்தனம் நடும்படி ஊக்குவிக்கிறது. தமிழ்நாட்டிலும் பட்டா நிலச் சந்தனத்துக்கு 2008-இல் தனி விதிகள் வந்தன. மரம் இப்போது உழவருடையதுதான். ஆனால் வெட்டவும் விற்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். வேலி, காவல், திருட்டுப் பயம் ஆகிய செலவுகளும் அவருடையவையே.